புதுப்பிப்பு: ரிவர்ஸ் கியரில் வந்த 'கர்ர்ர்' சத்தம் நின்றுவிட்டது

கிளட்சை முழுதாக மிதித்தும் ரிவர்ஸ் போடும்போது 'கர்ர்ர்' என்று பல் உரசுகிறது, கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்கிறார்கள், என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் கியர் ஆயில் மாற்றினேன், பலனில்லை. வழி காட்டியது, "கிளட்சை மிதித்தபடி சில நொடி பொறுத்து அப்புறம் ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள்" என்ற யோசனைதான். கிளட்ச் முழுதாக விலகினால் அந்த நேரத்துக்குள் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியை உள்ளே கொண்டுவரும் தண்டு) சுற்றுவது நின்றுவிடும், சத்தம் வராது. எனக்கு அப்போதும் வந்தது. பெடலை நாலைந்து முறை அமுக்கி அமுக்கி விட்டுப் போட்டால் கியர் அலுங்காமல் விழுந்தது. அப்படியென்றால் கோளாறு கியரில் இல்லை, கிளட்ச் ஹைட்ராலிக்கில்தான், அதாவது பெடல் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் ஃப்ளூயிட் அமைப்பில்தான்.

அந்த ஃப்ளூயிட் அழுத்தத்தால் கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை மெக்கானிக் விலக்கியதுமே கறுத்த ஃப்ளூயிட் சொட்டியது. உள்ளே சீல் போயிருந்தது. சிலிண்டரை மாற்றி, ஃப்ளூயிட் குழாயில் இருந்த ஏரை வெளியே எடுத்தார், சத்தம் போயே போச்சு. கியர்பாக்ஸைத் தொடவே இல்லை. என் காரைப் போலப் பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஃப்ளூயிட் டப்பாதான். அதில் அளவு இறங்கினால் பிரேக்கோடு நிற்காமல் கிளட்ச் பக்கமும் பாருங்கள்.

எதிர்பாராத ஒன்று: பெரிய சத்தம் போனதும், நியூட்ரலில் ஒரு மெல்லிய உறுமல் கேட்கிறது. கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விலக்கும் பேரிங்) கெட்டால் பெரும்பாலும் மிதிக்கும்போதுதான் கத்தும், அதனால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல்தான் சந்தேகம். கிளட்ச் பிளேட் மாற்ற எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கும், அப்போது அதையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.