புதுப்பிப்பு: வென்டிலேட்டர் எடுத்தபின் அப்பாவுக்குத் தண்ணீர் குடித்தாலே புரையேறியது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இன்ஃப்ளூயன்ஸா நிமோனியாவாகி வென்டிலேட்டரில் (செயற்கை சுவாசக் கருவியில்) இருந்த அப்பாவுக்கு, தொண்டை வழியாக விட்டிருந்த குழாயை எடுத்தபின் தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது என்று கேட்டிருந்தேன். "ஸ்பீச் தெரபிஸ்டைக் கூப்பிடச் சொல்லுங்க" என்று ஒருவர் எழுதியதுதான் வேலை செய்தது. அவர்கள் பேச்சுக்குத்தானே என்றார் அம்மா. விழுங்குவதையும் அவர்கள்தான் பார்க்கிறார்கள்.

மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்த்ததில், குழாய் இருந்த இடத்தில் வீக்கம், உணர்ச்சியும் குறைவு, போதாததற்கு விழுங்கும் அந்த ஒரு நொடி மூச்சை நிறுத்துவதே மூச்சு வாங்கும் ஆளுக்குக் கஷ்டமாம்.

எதிர்பாராதது என்னவென்றால், சில வாய் தண்ணீர் இருமலே இல்லாமல் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது. அதனால் இருமலை மட்டும் நம்பாதீர்கள், குடித்தபின் குரல் களகளவென்று மாறுகிறதா என்றும் கேளுங்கள்.

அப்புறம், மெதுவாக இறங்கினால் புரையேறாது என்று கொடுத்த, கெட்டியாக்கும் பவுடர் கலந்த தண்ணீரை அப்பா வாயில் வைக்கவே மாட்டார். ராயபுரத்து ஆள், கேழ்வரகுக் கூழ் என்றால் மறுப்பில்லை. தெரபிஸ்டும் பதம் பார்த்துவிட்டுச் சரி என்றார். நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை மார்புப் பக்கம் தாழ்த்தி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். மறுபடி கேமரா பார்த்துவிட்டு இப்போது சாதா தண்ணீருக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. தாடையைத் தாழ்த்துவது எல்லோருக்கும் பொருந்தாதாம், பரிசோதிக்காமல் செய்ய வேண்டாம்.