பலெயோலோகோஸ் என்ற குடும்பப் பெயரை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

நங்கூரம் எழுதியது:

கிரேக்கர்களுக்குச் சொந்தமான கப்பல்களில் பதினான்கு ஆண்டுகளாகப் பொறியாளராக இருக்கிறேன். பாப்பதோபுலோஸ், வ்லாஹோஸ் போன்ற பெயர்களை நாள்தோறும் கேட்டுப் பழகிவிட்டேன். ஆனால் பலெயோலோகோஸ் என்ற பெயருடைய ஒருவரை இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்தேன். பிரேயஸ் துறைமுகத்தில் எங்கள் கப்பல் பழுதுபார்ப்புக்காக நின்றிருந்தபோது, எரிபொருள் பம்புக்கான உதிரிபாகங்களை வாங்கிவர அருகிலிருந்த ஒரு கிடங்குக்குப் போனேன். டெலிவரி நோட்டில் கிடங்குக் காப்பாளரின் கையெழுத்துக்குக் கீழே அச்சிட்டிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்ததும், கான்ஸ்டான்டிநோபிளின் கடைசிப் பேரரசருடைய பெயரல்லவா இது என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அறுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் சிரித்தார். "ஏதென்ஸில் லாரிசா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தப் பேரரசரின் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. அந்தப் பலகையைப் பார்த்த ஒவ்வொருவரும் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். அரண்மனைச் சாவியை மட்டும் இதுவரை ஒருவரும் கொண்டுவந்து தரவில்லை" என்றார்.

அன்று முதல் இந்தப் பெயர் என்னை விடவில்லை. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகிஃபோரோஸ் என்ற படைத்தலைவரோடுதான் இது வரலாற்றில் முதலில் தலைகாட்டுகிறது. அவருடைய மகன் ஜார்ஜ், 1081-இல் அலெக்ஸியோஸ் கொம்னினோஸ் பைசாந்தியப் பேரரசின் அரியணையைப் பிடித்தபோது அவருக்குத் துணை நின்றவர். 1261-இல் இக்குடும்பத்தைச் சேர்ந்த எட்டாம் மிகயீலின் படை, அப்பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லை, லத்தீன்கள் எனப்பட்ட மேற்கு ஐரோப்பியரிடமிருந்து மீட்டது. அது முதல் 1453 மே 29 அன்று பதினோராம் கான்ஸ்டன்டைன் நகர மதிலருகே போரிட்டு மடியும் வரை, இந்தக் குடும்பமே அங்கிருந்து ஆண்டது. கிரேக்கத்தில் பல ஊர்களில் இப்பெயரைத் தெருப் பலகையிலும் சிலையின் பீடத்திலும் பார்த்துவிடலாம். உயிரோடு இருக்கும் மனிதரின் பெயராக நான் பார்த்ததுதான் அரிது. உங்களில் யாருக்காவது அப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

ஏதென்ஸ்வாசி எழுதியது:

நங்கூரம் ஐயா, மொழிபெயர்ப்பு வேலைக்காக ஒன்பது ஆண்டுகளாக ஏதென்ஸில் வசிக்கிறேன். எனக்கு இந்தப் பெயர் அறிமுகமானது பேரரசர்களின் வழியாக அல்ல, காயலாங்கடைக்காரரின் வழியாக. எங்கள் தெருவில் வாரத்துக்கு இரண்டு முறை ஒலிபெருக்கி கட்டிய சிறு லாரி ஒன்று மெல்ல ஊர்ந்து வரும். பழைய துணி துவைக்கும் இயந்திரம், கொதிகலன், இரும்புக் கட்டில் என எதுவானாலும் எடுத்துக்கொள்வதாக அதை ஓட்டிவருபவர் கூவுவார். அவரை இங்கே பலியாஜீஸ் என்பார்கள்; பழையது என்ற பொருளுடைய சொல்லில் பிறந்த பெயர் அது. ஒரு நாள் காலை, எனக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியை பலகணியில் நின்றபடி கீழே கையைக் காட்டி, "இதோ போகிறார் பார், நம் பேரரசர்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் அதில் இலக்கணம் இருந்தது.

பெயரின் முற்பாதியான பலெயோஸ் என்பதற்குப் பழைய என்று பொருள். பிற்பாதி லெகோ என்ற வினையிலிருந்து வருகிறது. அவ்வினைக்குப் பேசுதல் என்பது இன்றைய பொருள். பொறுக்கிச் சேர்த்தல் என்பது அதனினும் பழைய பொருள். மலர்களைக் கொய்து சேர்ப்பவர், பிறகு பாடல்களைத் தேர்ந்து தொகுப்பவர் என்ற பொருள்களைப் பெற்ற அந்தோலோகோஸ் என்ற சொல்லும் இதே அச்சில் வார்த்ததுதான். ஆகவே பலெயோலோகோஸ் என்பதைப் பழங்கதை பேசுபவர் என்றும் கொள்ளலாம், பழம்பொருள் பொறுக்குபவர் என்றும் கொள்ளலாம். அரியணை ஏறிய பிறகு இரண்டாவது பொருளை யார்தான் விரும்புவார்கள்? இத்தாலியில் வித்தெர்போ என்றொரு நகரம் இருக்கிறது. அந்நகரின் பெயர் "பழைய சொல்" என்று பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து வந்தது என்றும், அதனால் அரச குடும்பமே அங்கிருந்து புறப்பட்டதுதான் என்றும் ஒரு கதையைக் கட்டி உலவவிட்டார்கள். எனக்கென்னவோ லாரிக்காரர் கதைதான் மண்ணில் கால் ஊன்றியதாகப் படுகிறது.

அரிதான பெயர் என்றீர்கள். ஆனால் எண்ணிப் பார்க்க முயன்றால் இருப்பதைவிடவும் அரிதாகத் தோன்றும்படி கிரேக்க இலக்கணம் நம்மை ஏமாற்றிவிடும். தந்தை பலெயோலோகோஸ் என்றால் மகள் பலெயோலோகு. பெண்களின் குடும்பப் பெயர் ஆறாம் வேற்றுமையில், இன்னாருடைய என்ற வடிவில், நிற்கும். தந்தையை நேரில் பெயர் சொல்லி அழைக்கும்போதோ இறுதியில் உள்ள ஸ் உதிர்ந்துவிடும். இதுவும் போதாதென்று, எழுத்துப்பெயர்ப்பில் ஒருவர் பழைய ஒலிப்படியும் மற்றவர் புதிய ஒலிப்படியும் எழுதுவார்கள், லத்தீன் மரபைப் பின்பற்றுபவர் கடைசி அசையையே மாற்றிவிடுவார், பிரெஞ்சுக்காரர் வாலை வெட்டி பலெயோலோக் என்பார். ஒரு மருத்துவக் காப்பீட்டு ஆவணத்தை நான் மொழிபெயர்த்தபோது, தந்தையின் பெயர் மூன்று பக்கங்களில் மூன்று விதமாக இருந்தது. மகளின் பெயர் நான்காவது விதம். கணினி அவர்களை நான்கு குடும்பங்களாகப் பிரித்து வைத்திருந்தது. அதைச் சரிசெய்ய அந்தப் பெண் நான்கு மாதம் அலைந்தார். இப்படி எழுத்து மாறும் வடிவங்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டாமல் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எவராவது ஓர் எண்ணைச் சொன்னால், நான் அதை நம்புவதில்லை.

தாமர்க்கரை எழுதியது:

நான் இங்கிலாந்தின் பிளிமத்தில் செவிலியாக இருக்கிறேன். தாமர் ஆற்றைக் கடந்தால் கார்ன்வால். அதன் கரையில் லாண்டல்ஃப் என்ற சிற்றூர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைப்பயணத்தில் மழை பிடித்துக்கொள்ளவே, அவ்வூர்த் தேவாலயத்துக்குள் ஒதுங்கினோம். சுவரில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருந்தது. ஒன்று ரோமுக்கும் மற்றொன்று கான்ஸ்டான்டிநோபிளுக்குமாக இரண்டு கோபுரங்களின் மேல் கால் வைத்து நிற்கும், பைசாந்தியச் சின்னமான இருதலைக் கழுகு அதில் இருந்தது. இந்த ஊரில் இதற்கு என்ன வேலை என்று ஈரக் கையால் கைப்பேசியின் விளக்கைப் போட்டுப் படித்தேன். இத்தாலியின் பெசாரோவைச் சேர்ந்த தியோடோரோ பலெயோலோகஸ் இங்கே அடக்கமாகியிருக்கிறார், கிரேக்கத்தின் கடைசிக் கிறித்தவப் பேரரசர்களின் வழியில் வந்தவர், 1636 ஜனவரி 21 அன்று கிளிஃப்டனில் இறந்தார் என்று அதில் எழுதியிருந்தது.

அந்தத் தகட்டில் என்னைக் கவர்ந்தது அதன் வம்சவரிசை. தியோடோரோ கமிலியோவின் மகன், அவர் புரொஸ்பரின் மகன், அவர் இன்னொரு தியோடோரோவின் மகன், அவர் ஜானின் மகன், அவர் கடைசிப் பேரரசரின் தம்பி தாமஸின் மகன் என்று படி படியாக இறங்குகிறது. மற்ற படிகளை விட்டுவிடுவோம், ஜான் என்ற படிதான் ஆடுகிறது. தாமஸுக்கு அந்திரேயாஸ், மனுவேல் என்று இரண்டு மகன்கள் இருந்ததற்கு உறுதியான சான்று உண்டு. அந்திரேயாஸ் வறுமையில் தன் பட்டத்தையே 1494-இல் பிரான்ஸ் மன்னர் எட்டாம் சார்லஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு 1502-இல் ரோமில் இறந்தார். மனுவேல் கான்ஸ்டான்டிநோபிளுக்கே திரும்பிப்போய் சுல்தானிடம் உதவித்தொகை பெற்று வாழ்ந்தார். ஜான் என்றொரு மகனை அக்காலத்து ஆவணம் எதுவும் குறிப்பிடவில்லை. இறந்தவரோ லிங்கன் பிரபுவிடம் கூலிக்கு வேலை பார்த்த படைவீரர். அரச வம்சம் என்ற பேச்சு அவருக்குச் சோறு போட்டிருக்கும். பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் அதை நம்பியும் இருக்கலாம்.

லெக்ஸ்பின் எழுதியது:

தாமர்க்கரை அக்காவின் பதிவைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் அந்த மனிதருடைய மகனின் கல்லறையைத்தான் நான் பார்த்திருக்கிறேன்! 2024 ஜூன் 29 அன்று பார்படோஸில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்காக டொராண்டோவிலிருந்து நண்பர்களுடன் போயிருந்தேன். இந்தியா 7 ஓட்டங்களில் வென்றது. மறுநாள் எங்களில் ஒருவருக்கும் குரல் எழும்பவில்லை. தீவைச் சுற்றிக் காட்ட வந்த ஓட்டுநர், கிழக்குக் கரையைப் பார்த்தபடி மேட்டின் விளிம்பில் நிற்கும் புனித ஜான் தேவாலயத்துக்கு எங்களை அழைத்துப்போனார். கீழே அட்லாண்டிக் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. "கிரேக்க இளவரசரைப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டு, தேவாலயத்தின் பின்புறத்தில் இருந்த ஒரு கல்லின் முன்னே கொண்டுபோய் நிறுத்தினார்.

அதில் ஃபெர்டினாண்டோ பலெயோலோகஸ் என்றிருந்தது. இதே கடைசிப் பேரரசர் வழி என்ற வாசகமும் இருந்தது. அதன் கீழே 1655, 1656 ஆண்டுகளில் இந்தப் பங்கின் (தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியின்) தேவாலயப் பொறுப்பாளர், இருபது ஆண்டுகள் ஆலயக்குழு உறுப்பினர் என்று எழுதியிருந்தது. தந்தை இறந்த கிளிஃப்டன் மாளிகையின் நினைவாகத் தன் தோட்டத்துக்குக் கிளிஃப்டன் ஹால் என்று அவர் பெயரிட்டார் என்றும், அந்தப் பெயர் இங்கே இன்றும் வழங்குகிறது என்றும் ஓட்டுநர் சொன்னார். 1831-இல் அடித்த பெரும்புயலில் பழைய தேவாலயம் இடிந்து விழுந்தபோதுதான் அவருடைய ஈயப் பெட்டி வெளிப்பட்டதாம். இளவரசர் என்று இப்போது எல்லாரும் செல்லமாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்துப் பார்படோஸின் கரும்புத் தோட்டங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவந்த அடிமைகளின் உழைப்பில் நின்றவை. அந்த அடிமைகளின் வம்சத்தில் வந்த எங்கள் ஓட்டுநர், "என் குடும்பப் பெயரும் ஒரு தோட்ட முதலாளியின் பெயர்தான், நான் அவருடைய பேரன் ஆகிவிடுவேனா?" என்று கேட்டார். எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை.

மிதிலினி எழுதியது:

ஓட்டுநரின் கேள்விக்குக் கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் பாதிப் பதில் இருக்கிறது. கட்டடக்கலை மாணவனாக மிதிலினிக் கோட்டையை அளந்து வரைய இரண்டு வாரம் தங்கியிருந்தேன். அங்கே ஒரு பளிங்குக் கல்லில் பலெயோலோகோஸ் குடும்பத்தின் சின்னமும் கத்திலூசியோ என்ற இத்தாலிய ஜெனோவாக் குடும்பத்தின் மீன்செதில் சின்னமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பிரான்செஸ்கோ கத்திலூசியோ என்ற கடலோடி, ஐந்தாம் ஜான் பேரரசருக்கு அரியணையைப் பெற்றுத் தந்தார். அதற்குக் கைம்மாறாக 1355-இல் பேரரசரின் சகோதரி மரியாவையும் சீதனமாக இத்தீவையும் பெற்றார். அவருடைய வழியினர் 1462-இல் உஸ்மானியத் துருக்கியர் வரும்வரை தாய்வழிப் பெயரையும் சேர்த்தே சூடிக்கொண்டார்கள். பைசாந்தியத்தில் அது வழக்கம்தான். தாய், பாட்டி என்று எந்தப் பக்கத்துப் பெயர் பெருமை தருமோ அதைத் தன் பெயரோடு கோத்துக்கொள்வார்கள். அரசர்களே மூன்று நான்கு குடும்பப் பெயர்களை வரிசையாக எழுதினார்கள். பிறகு பேரரசு போனதும், கேட்பாரில்லாத ஒரு பெரிய பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடிந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ரஷ்யாவில் பிரெஞ்சுத் தூதராக இருந்த மொரீஸ் பலெயோலோக்கின் குடும்பம்கூட ருமேனியாவிலிருந்து வந்ததுதான்.

ஸ்டெப்னி எழுதியது:

நான் கிழக்கு லண்டனில் இருப்பவன். பார்படோஸில் அடக்கமான அந்த ஃபெர்டினாண்டோவின் மகன், அவர் பெயரும் தியோடோர்தான், கடலுக்குப் போய் 1693-இல் ஸ்பெயினின் அ கொருன்யாவில் இறந்தார். 1694-இன் தொடக்கத்தில், தந்தை இறந்தபின், அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் புனித டன்ஸ்டன் தேவாலயத்தில் அதற்குப் பெயரிட்டார்கள். காட்ஸ்கால் என்பது பெயர். இறைவனின் அழைப்பு என்று பொருள் கொள்ளலாம். அதன் பிறகு அந்தக் குழந்தையைப் பற்றி எந்தப் பதிவும் இல்லை. அந்தத் தேவாலயத்தைக் கடலோடிகளின் தேவாலயம் என்று சொல்வார்கள்.

நங்கூரம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. போன மாதம் மீண்டும் பிரேயஸில் நின்றோம். லெக்ஸ்பின் தம்பி எனக்கு அனுப்பிய கல்லறைப் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். காப்பாளர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு, இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பேரரசர்களைப் பற்றிய வரியில் அவர் நிற்கவில்லை. தேவாலயப் பொறுப்பாளர் என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, அவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார். பங்கின் பொருள்களைக் காப்பார், கணக்கு வைத்துக்கொள்வார், யார் எதை எடுத்துப்போனாலும் கையெழுத்து வாங்குவார் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். பக்கத்து மேசையிலிருந்த மகளைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். பிறகு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எனக்கு வேண்டிய வால்வைத் தேடி உள்ளே போனவர், அலமாரிகளுக்கு இடையிலிருந்து உரக்கச் சொன்னார்: "அப்படியென்றால் அவர் என் குடும்பமாகத்தான் இருக்க வேண்டும்!"