முதியோர் இல்லத்தில் பிடிக்கிறது, பூட்டுறது, கட்டுறது: சட்டம் எவ்வளவு தூரம் விடுது?

கோண்டாவில்வாசி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில முதியோர் இல்லங்களில வேலை செய்யிற பராமரிப்பாளருக்கு இரண்டு பக்கத்தில ஒரு வழிகாட்டி எழுதவேண்டியிருக்கு. உடல்பலம் பாவிக்கிறதைப் பற்றின பகுதி மட்டும் இன்னும் முடியேல்லை. மறதி நோயோட இருக்கிற ஐயா ஒருத்தர் இரவில எழும்பிக் கேற்றைத் திறந்துகொண்டு காங்கேசன்துறை வீதிக்கு இறங்குறார் எண்டு வையுங்கோ. கையைப் பிடிச்சு நிப்பாட்டலாமோ? கேற்றைப் பூட்டலாமோ? குளிக்க வார்க்கேக்க அடிக்கிற அம்மாவைக் கதிரையில சீலைத் துண்டால கட்டுறது பிழையோ? "பிள்ளையள் கையெழுத்து வைச்சுத் தந்திட்டினம், பயமில்லை" எண்டு சில நிர்வாகங்கள் சொல்லுது. அது சட்டப்படி நிற்குமோ? பொலிஸைக் கூப்பிட்டால் அவை எவ்வளவு பலம் பாவிக்கலாம்? பிரிவு இலக்கங்களோட சொன்னால் பெரிய உதவி.

வலிகாமம்_வழக்கு

பிள்ளைகளின் கையெழுத்தில்தான் பெரும்பாலான இல்லங்கள் பிழைவிடுகின்றன. அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையின் 82ஆம் பிரிவு, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கோ சித்த சுவாதீனமற்றவருக்கோ அவருடைய நன்மைக்காகச் செய்யும் செயலைக் குற்றமாகக் கொள்ளாது. அதைச் செய்பவர் பாதுகாவலராகவோ, சட்டப்படி பொறுப்பில் வைத்திருப்பவராகவோ, அவர்களின் சம்மதம் பெற்றவராகவோ இருக்கவேண்டும். பிரிவு சொல்லும் ஆட்கள் அந்த இரு வகையினர் மட்டுமே. 80 வயதில் நடக்க முடியாமல், ஆனால் புத்தி தெளிவாக இருக்கும் ஒரு அம்மா இதற்குள் வரமாட்டார். மூன்று பிள்ளைகளும் கனடாவிலிருந்து கையெழுத்து வைத்து அனுப்பினாலும், அவர் "வெளியே போகவேண்டும்" என்று கேட்கும்போது அறையைப் பூட்டினால் அது 331ஆம் பிரிவின்படி தவறான அடைத்துவைத்தல். 333இன் கீழ் ஒரு வருடம் வரை சிறை உண்டு. முதுமை வேறு, சித்த சுவாதீனமின்மை வேறு. இதை வழிகாட்டியில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மறதி நோய் முற்றிய ஐயாவின் விடயத்தில் 82 உதவலாம். ஆனால் அதில் "நன்னம்பிக்கை" என்ற சொல் இருக்கிறது. உரிய கவனமின்றிச் செய்தது நன்னம்பிக்கை ஆகாது என்று கோவையே வரையறுக்கிறது. வாகனம் வரும் வீதிக்கு இறங்குபவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவருவது உரிய கவனத்தோடு செய்த செயல். அதே ஐயா உள்ளே வந்து அமர்ந்த பிறகு, "இனிப் போவியோ?" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் அதில் அவருடைய நன்மை எதுவும் இல்லை. 82இன் காப்பு அந்தத் தட்டுக்குக் கிடையாது.

அடிக்க வருபவரிடமிருந்து தன்னைக் காக்கும் உரிமை 89, 90ஆம் பிரிவுகளில் உண்டு. அடிப்பவர் சித்த சுவாதீனமற்றவர் என்பதால் அவர் குற்றவாளி ஆகமாட்டார். ஆனாலும் அவருக்கு எதிரான தற்காப்புரிமை குறையாது என்று 91 சொல்கிறது. எல்லையை 92 வைக்கிறது: தற்காக்கத் தேவையானதைவிடக் கூடுதலான தீங்கு செய்யக்கூடாது. ஆபத்து பற்றிய அச்சம் தொடரும்வரைதான் அந்த உரிமையும் தொடரும். கையைத் தடுத்து, விலகி, தூர நின்ற பிறகு திரும்பப் போய்ப் பிடித்தால் அது தற்காப்பு அல்ல.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி, 82, தற்காப்பு போன்ற விதிவிலக்கு தனக்குப் பொருந்தும் என்று காட்டவேண்டிய சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் மேலேயே விழும். பராமரிப்பாளரின் வாய்ச்சொல் மட்டும் அதற்குப் போதாமல் போகலாம். ஆகவே அன்றே, அந்த மணித்தியாலத்துக்குள் பதிவேட்டில் எழுதுங்கள்: என்ன ஆபத்து, முதலில் என்ன சொல்லிப் பார்த்தீர்கள், யார் எங்கே பிடித்தார், எத்தனை நிமிடம், எப்போது விட்டார், தோலில் அடையாளம் உண்டா, பக்கத்தில் யார் நின்றார். பிறகு நிறுத்தி நிதானமாக எழுதிச் சேர்த்த பக்கம் குறுக்கு விசாரணையில் நிற்காது.

சுன்னாகம்

வாத்திமார் அடிக்கலாம் எண்டு சட்டத்திலயே உதாரணம் இருக்குத்தானே? அப்ப பொறுப்பில இருக்கிற பராமரிப்பாளருக்கு மட்டும் ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

வலிகாமம்_வழக்கு

நீங்கள் சொல்வது 341ஆம் பிரிவோடு 1883இல் எழுதிய உதாரணம். ஆசிரியர் தன் நியாயமான தற்றுணிபின்படி மாணவனை அடித்தால் அது குற்றவியல் பலாத்காரம் ஆகாது என்பது அது. அதைக் கேடயமாக நம்பவேண்டாம். 1995இல் சேர்த்த 308அ, 18 வயதுக்குக் குறைந்தவரைப் பொறுப்பில் வைத்திருப்பவர் துன்பமோ உடல்நலக் கேடோ வரக்கூடிய விதமாக வேண்டுமென்றே தாக்கினால் 2 முதல் 10 வருடம் வரை சிறை என்கிறது. நீதிமன்றம் விதிக்கும் சவுக்கடியைக்கூட 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் நீக்கிவிட்டது. பாடசாலையில் அடிப்பதைக் கல்வி அமைச்சின் 2005/17, 12/2016 சுற்றறிக்கைகள் தடுக்கின்றன. ஆசிரியர் அறைந்து காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், 2021 பெப்ரவரி 12 அன்று உயர் நீதிமன்றம் சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்தையையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்த்தது. ஆசிரியர் 150,000 ரூபாயும் அரசு 500,000 ரூபாயும் செலுத்தவேண்டி வந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் துரைராஜா. ஒழுக்கம் படிப்பிக்க அடித்தேன் என்ற நியாயம் பிள்ளை விடயத்திலேயே நிற்கவில்லை. வளர்ந்த ஒருவரை "திருத்துவதற்காக" அடிக்க எந்தப் பிரிவிலும் இடமில்லை.

தாதி_தெல்லிப்பழை

சட்டத்தைச் சொல்லியாச்சு. கையை எப்பிடி வைக்கிறது எண்டதை நான் சொல்லுறன், ஏனெண்டால் காயம் அதிலதான் வருது.

வயது போன ஆக்களின்ர தோல் கடதாசி மாதிரி. மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சு இழுத்தால் தோல் கிழியும். அஸ்பிரின், வோபரின் எடுக்கிற ஆக்களுக்கு அடுத்த நாள் முழங்கை வரை கண்டிப்போகும். உள்ளங்கையை விரிச்சு ஒரு கையை முன்னங்கைக்குக் கீழயும் மற்றதை முழங்கைக்குச் சற்று மேலயும் தாங்கிப் பிடியுங்கோ. விரலால கவ்வவேண்டாம். முன்னால நிண்டு மறிக்காமல் பக்கத்தில நடந்து, மெல்லத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரலாம். கதைக்கிறது ஒராள் மட்டும். நாலு பேர் சுத்தி நிண்டு சத்தம் போட்டால் அந்த ஆள் இன்னும் பயந்துதான் அடிக்கும்.

குப்புறப் போட்டு அமத்தவே கூடாது. நெஞ்சில, முதுகில, கழுத்தில முழங்கால் வைக்கவும் கூடாது. "மூச்சு முட்டுது" எண்டு கத்துற ஆளுக்கு மூச்சு இருக்குத்தானே எண்டு நினைச்சு இன்னும் அமத்துறவை இருக்கினம். கத்த முடியுறதாலயே காத்துப் போதுமான அளவு போகுது எண்டு இல்லை. அந்த நிமிசமே விடோணும்.

கதிரையில இடுப்போட கட்டுறதைப் பற்றிக் கேட்டிருக்கிறீங்கள். ஆள் மெல்ல மெல்லக் கீழ வழுக்கும், சீலை இடுப்பில இருந்து நெஞ்சுக்கு ஏறும், பிறகு கழுத்துக்கு. இப்பிடி மூச்சுத் திணறிச் செத்த ஆக்கள் உலகம் முழுக்க இருக்கினம். சீலைத் துண்டில போட்ட முடிச்சு இழுக்க இழுக்க இறுகும், அவசரத்துக்கு அவிழாது. வீடோ இல்லமோ தன்ர எண்ணத்துக்குக் கட்டவே கூடாது எண்டு எழுதுங்கோ. வைத்தியர் எழுதிக்குடுத்து, மென்மையான பட்டி போடவேண்டி வந்தாலும், பட்டிக்கும் தோலுக்கும் நடுவில இரண்டு விரல் போகோணும். 15 நிமிசத்துக்கு ஒருக்கால் விரல் நுனியின்ர நிறத்தையும் சூட்டையும் பாக்கோணும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கழட்டி, திருப்பிவிட்டு, தண்ணி குடுத்து, கழிப்பறைக்கும் கூட்டிக்கொண்டு போகோணும்.

குளிக்க வார்க்கேக்க அடிக்கிற அம்மாவுக்குப் பெரும்பாலும் குளிர், கூச்சம், மூட்டு நோ, இந்த மூண்டில ஒண்டு இருக்கும். தலையில வாளித் தண்ணியை ஊத்தாமல், இளஞ்சூட்டில காலில இருந்து தொடங்குங்கோ. தோளில ஒரு துவாயைப் போட்டுவிடுங்கோ. நேற்று வரை அமைதியா இருந்த ஆள் இண்டைக்குத் திடீரெண்டு குழம்பினால் சலத்தில கிருமி, மலச்சிக்கல், தண்ணி குறைஞ்சது, புதுக் குளிசை எண்டு முதலில தேடுங்கோ. மயக்கக் குளிசையை வைத்தியரைக் கேளாமல் தேத்தண்ணியில கலந்து குடுக்கிறதும் பலாத்காரம்தான். விழுந்து இடுப்பு முறியிறதுக்கும் சாப்பாடு புரையேறுறதுக்கும் அது வழி.

கேற்றுக்கு: கொண்டியைக் கண்ணில படாத உயரத்துக்கு மாத்தி, திறந்தால் அடிக்கிற மணி ஒண்டு பூட்டுங்கோ. பூட்டுப் போட்டால் இரவுக் கடமை ஆளின்ர இடுப்பில திறப்பு இருக்கோணும். நெருப்புப் பிடிச்சால் அலுவலக லாச்சியில திறப்புத் தேட நேரம் இராது.

குழப்பம் அடங்காட்டில் 1990 அம்புலன்ஸ். மனநல ஆலோசனைக்கு 1926. ஆஸ்பத்திரி எண்டால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை மனநலப் பிரிவு, இல்லாட்டில் யாழ். போதனா.

வலிகாமம்_வழக்கு

பொலிஸ் பற்றிய மிச்சம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவின்படி, கைதாகிறவர் பலாத்காரமாக எதிர்த்தாலோ தப்ப முயன்றாலோ மட்டுமே நியாயமாகத் தேவைப்படும் வழிகளைப் பயன்படுத்தலாம். மரண தண்டனைக்குரிய குற்றஞ்சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமையை அந்தப் பிரிவு தராது. கைது செய்த பிறகு தப்புவதைத் தடுக்கத் தேவையானதைவிடக் கூடுதலாகக் கட்டுப்படுத்தவும் கூடாது. விலங்கு மாட்டியபின் விழும் ஒரு அடிக்குக்கூட 23இல் இடமில்லை. அது 11ஆம் உறுப்புரைக்குள் வரும். சித்திரவதை என்ற அளவுக்குப் போனால் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி 7 முதல் 10 வருடம் வரை சிறை.

அழைக்கும்போதே "இவர் குற்றம் செய்தவர் அல்ல, நோயாளி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உதவி வேண்டும்" என்று சொல்லுங்கள். வந்தவரின் பெயர், இலக்கம், நேரம் மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

காயம் வந்துவிட்டால் அன்றே வைத்தியசாலையில் அனுமதித்து, சட்ட வைத்திய அதிகாரி பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். தடியால் அடித்த தழும்பு இரண்டு சமாந்தரக் கோடாகவும் நடுவில் வெளிறியும் தெரியும். சில நாளில் அந்த வடிவம் கலைந்துவிடும். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி மீறல் நடந்து ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ். பிராந்திய அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996.

கோண்டாவில்வாசி

நன்றி. ஒண்டு மட்டும்: புத்தி தெளிவான ஆள் எண்டு ஆர் தீர்மானிக்கிறது?

வலிகாமம்_வழக்கு

நிர்வாகமும் இல்லை, மூத்த மகனும் இல்லை. இல்லத்தில் சேர்க்கும்போதே வைத்தியரின் எழுத்து மதிப்பீட்டை வாங்கி அவருடைய கோப்பில் போடுங்கள். நிலை மாறினால் திரும்ப எழுதி வாங்குங்கள். அது இல்லாதவரை அவரைத் தெளிவானவராகவே நடத்துங்கள்.