ஸ்கேன் பிடிஎப் வாசிக்கப் பெரிய திரை ஈ-ரீடர் எது வாங்கலாம்?

அண்ணாமார், அக்காமார், களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு உதவி கேட்கிறேன். ஹார்ட் டிஸ்க்கில் 4,000 மின்நூல் கிடக்கிறது. எழுத்தளவை மாற்றக்கூடிய இபப் கோப்பு கொஞ்சம்தான், மீதியெல்லாம் ஸ்கேன் பிடிஎப், பாதிக்கு மேல் நூலகம் தளத்தில் இறக்கிய பழைய இலங்கைச் சஞ்சிகைகள். என் 6 அங்குலக் கிண்டிலில் திறந்தால் எழுத்து எள்ளு மாதிரித் தெரிகிறது, பெருப்பித்தால் ஒரு வரிக்கு இடமும் வலமும் இழுத்தே பொழுது போய்விடும், பக்கம் வெறும் படம் என்பதால் எழுத்தளவை மாற்றவும் வழியில்லை. டெப் வாங்கு என்கிறான் தம்பி. அதில் இரவு இரண்டு மணித்தியாலம் வாசித்தால் கண் எரிகிறதே!

நான் பார்த்த பெரிய ஈ-ரீடர்களில் கிண்டில் ஸ்கிரைப் (2022, 2024 மொடல்கள்) 10.2 அங்குலம், கோபோ எலிப்சா 10.3. இரண்டிலும் மெமரி கார்ட் போட இடமில்லை. பூக்ஸ் என்ற ஈ-ரீடர் ஆண்ட்ராய்டில் ஓடுவதால் விரும்பிய செயலியைப் போட்டு, பக்கத்தின் ஓரத்து வெள்ளையை வெட்டி வாசிக்கலாம், மனம் அதில்தான் நிற்கிறது. 13.3 அங்குலத்திலும் உண்டு, விலைதான் நெஞ்சை அடைக்கிறது.

இரண்டு பத்தியாக அச்சான ஏ4 பக்கம் 10.3இல் முழுசாக வைத்து வாசிக்கக்கூடியதா? வைத்திருப்பவர்கள் அப்படி ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்களேன், அளவு தெரிய அருகில் ஒரு பேனாவையும் வைத்து. கட்டாரிலிருந்து மச்சான் அடுத்த மாதம் வருகிறார், எதை வாங்கி வருவது என்று அதற்குள் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.