கிறிஸ் ஸ்கொயரின் பேஸ் மட்டும் மேடையில் நின்ற அன்று

யெஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவை நான் முதலில் கேட்டது கல்லூரி விடுதியில், அறைத்தோழன் கேசட்டில் போட்ட 'ரவுண்டபௌட்' பாட்டில்தான். பாடுகிறவரை விட்டுவிட்டு, அடியில் உறுமிக்கொண்டு ஓடிய ஒன்றின் பின்னாலேயே காது போனது. அது பேஸ் கிட்டார், வாசிப்பவர் கிறிஸ் ஸ்கொயர் என்றான், நம்பவில்லை. பேஸ் என்றால் டிரம்ஸுக்குத் துணையாகத் தும் தும் என்று நிற்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அப்புறம் நானே பழைய பேஸ் ஒன்று வாங்கி அதை வாசித்துப் பார்த்தேன், விரலால் தட்டினால் அந்தச் சத்தம் வரவேயில்லை. மாதக்கணக்கில் திண்டாடிய பிறகுதான் தெரிந்தது: ஸ்கொயர் பிக்கால், அதாவது கம்பியை மீட்டும் சிறு தகட்டால், வாசிப்பவர், அதுவும் பிக் பட்டவுடனே கட்டைவிரல் ஓரமும் கம்பியில் உரசும்படி. தன் ரிக்கன்பேக்கர் பேஸின் ஒலியை இரண்டாகப் பிரித்து, கீழ் ஓசையை பேஸ் ஆம்புக்கும் (ஒலிபெருக்கிக்கும்) மேல் ஓசையை லீட் கிட்டார் ஆம்புக்கும் அனுப்புவார். அதனால்தான் வயிற்றில் அதிர்வும் காதில் கூர்மையும் சேர்ந்தே வந்து விழும்.

சிறுவயதில் லண்டன் கிங்ஸ்பரியில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். என் காதுக்கு அந்தப் பழக்கம் பேஸிலும் கேட்கிறது, பாட்டுக்கு அடியில் அது தனி மெட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே போகும். 1975-இல் அவர் தனியாகப் போட்ட 'ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்' ஆல்பத்தில், அந்தப் பாடகர் குழுவை நடத்திய பேரி ரோஸே செயின்ட் பால்ஸ் பேராலயத்தின் ஆர்கனை வாசித்திருக்கிறார். இதுவரை கேட்காதவர்கள் தயவுசெய்து கேளுங்கள். 1968-இல் தொடங்கிய யெஸ்ஸில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். 2014 வரை வந்த ஒவ்வொரு ஸ்டுடியோ ஆல்பத்திலும் இருந்தவர் இவர் ஒருவர்தான்.

2015-இல் வேலை நிமித்தம் அமெரிக்காவில் இருந்தேன். யெஸ்ஸின் ஆகஸ்ட் கச்சேரிக்கு முன்னாடியே டிக்கெட் வாங்கியாகிவிட்டது. ஜூன் 27-இல் ஃபீனிக்ஸில் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார், 67 வயது. போவதா வேண்டாமா என்று கடைசி நாள் வரை யோசித்து, சரி என்று கிளம்பினேன். விளக்குகள் அணைந்தன. மேடை நடுவில் அவருடைய ரிக்கன்பேக்கர் மட்டும், அதன்மேல் ஒரே ஒரு வெளிச்சம். அவர் எழுதிய 'ஆன்வர்ட்' பதிவிலிருந்து ஒலித்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தனக்குப் பதிலாக ஸ்கொயரே கேட்டுக்கொண்ட பில்லி ஷெர்வுட் வந்து நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் கடைசிப் பக்கம் 'ரவுண்டபௌட்' தொடங்கியபோது நானும் அந்தப் பெரியவரும் மேடையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டோம்.