ஜக்கூரிலிருந்து பறக்கும்போது ராணுவ விமானதள எல்லையை எப்படிக் கடப்பது?

அல்சூர்_172

எல்லாருக்கும் வணக்கம். வார நாட்களில் மென்பொருள் வேலை, ஞாயிறானால் பெங்களூரு ஜக்கூர் விமானதளத்தில் செஸ்னா 172 என்ற சின்ன விமானம். பிபிஎல் (தனியார் விமானி உரிமம்) வாங்கி நான்கு மாதம் ஆகிறது.

போன ஞாயிறு மைசூர் போய்த் திரும்பும் வழியில் ஒரு ராணுவ விமானதளத்தின் எல்லையை நெருங்கினேன். நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன உயரம், எங்கே போகிறேன் என்று ரேடியோவில் ஒழுங்காகச் சொன்னேன். "ஸ்டாண்ட்பை" என்று பதில் வந்தது. சரி, கேட்டுவிட்டார்கள் என்று நினைத்து நேராகப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பயிற்றுநர் கன்ட்ரோலை வாங்கி விமானத்தை வெளிப்பக்கம் திருப்பிவிட்டார். திட்டவே இல்லை. இறங்கி, விமானத்தைக் கட்டி நிறுத்திய பிறகு, "அவங்க உன்கிட்ட என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் சித்தி மகன் இங்கிலாந்தில் பறக்கிறான். அங்கே ராணுவத் தளத்தைச் சுற்றி மாட்ஸ் என்று ஒரு வட்டம் உண்டாம். சிவில் விமானி பேசிவிட்டு நுழைவது நல்ல பழக்கம்தான், சட்டக் கட்டாயம் இல்லை என்கிறான். இங்கேயும் அப்படியா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஜாலஹள்ளி_பெரியவர்

தம்பி, நான் விமானப்படையில் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவன். நீ "ஸ்டாண்ட்பை" கேட்ட ரேடியோவின் மறுமுனையில் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உன் சித்தி மகன் சொன்னது. அது பாதி சரி. மாட்ஸ் பொதுவாக 5 நாட்டிகல் மைல் (கடல் மைல்) ஆரத்தில், தளத்துக்கு மேல் 3000 அடி வரை இருக்கும். அதில் பேசிவிட்டுப் போவது சிவில் விமானிக்குக் கட்டாயம் இல்லை என்பது உண்மை. ஆனால் அதே வட்டத்தின் நடுவில் ஏடிஇசட் (தளத்தை ஒட்டிய போக்குவரத்து வட்டம்) என்று இன்னொரு சின்ன வட்டம் இருக்கிறது. அதற்குள் அனுமதி வாங்கித்தான் நுழைய வேண்டும். மாட்ஸுக்கும் அதன் எல்லைக்கு 15 நாட்டிகல் மைலுக்கு முன்போ, 5 நிமிஷத்துக்கு முன்போ, எது முந்தியோ அப்போதே கூப்பிடச் சொல்கிறார்கள். அதை அவனிடம் கேட்டுப் பார்.

நம் ஊர்க் கதை வேறு. எலஹங்கா விமானப்படைத் தளம், எச்ஏஎல் விமான நிலையம் இரண்டைச் சுற்றியும் இருப்பது கட்டுப்பாட்டு வான்வெளி. கண்ணால் பார்த்துப் பறக்கிற விஎஃப்ஆர் விமானமும் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. அதற்கும் முன்னால், தரையிலேயே ஃபிளைட் பிளான் கொடுத்து விமானத் தகவல் மையம் தரும் எஃப்ஐசி எண்ணும், வான் பாதுகாப்பு அனுமதியான ஏடிசி (ADC) எண்ணும் வாங்குகிறாய் அல்லவா? அது வெறும் சடங்கு இல்லை. ராடார் திரையில் ஒரு புள்ளி தெரிந்தால் அது யார் என்று அந்த எண்ணை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். வழி மாறினாலும், கிளம்ப ரொம்பத் தாமதமானாலும் சொல்லிவிடு. சொல்லாமல் மாறினால் நீ அவர்களுக்கு அடையாளம் தெரியாத விமானம்.

இப்போது "ஸ்டாண்ட்பை". அதற்கு அர்த்தம் "பொறு, நானே கூப்பிடுகிறேன்" என்பதுதான். அது அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. "ரோஜர்" என்றாலும் நீ சொன்னது கேட்டது என்று மட்டுமே. "கிளியர்டு" என்ற சொல், அதோடு உன் கால்சைன் (ரேடியோவில் உன் விமானத்தின் பெயர்), எந்த வழி, எந்த உயரம், இதெல்லாம் காதில் விழுந்து, நீ அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் மூக்கை உள்ளே நீட்ட வேண்டும். அதுவரை வெளியே ஏதாவது ஏரி மேல் வட்டமடி.

ஏன் இவ்வளவு கறார் என்றால், நீ 100 நாட் (மணிக்கு 100 நாட்டிகல் மைல்) வேகத்தில் வருகிறாய், எதிரே ஒரு ஜெட் 400 நாட் வேகத்தில் வரலாம். சேர்ந்தால் 500 நாட், விநாடிக்குக் கிட்டத்தட்ட 257 மீட்டர். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் அதைப் பார்த்தாலும் உனக்கு மிச்சம் எட்டே விநாடி. மங்கலான காலையில் அந்தத் தூரத்தில் அது ஒரு எறும்பு அளவுகூடத் தெரியாது. கன்ட்ரோலர் "பொறு" என்று சொன்ன அந்த நேரத்தில் எச்ஏஎல் பக்கம் ஒரு சோதனை விமானம் எழும்பியிருக்கலாம், எலஹங்காவில் ஏஎன்-32 போக்குவரத்து விமானம் தளத்தைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கலாம். உன் பயிற்றுநர் செய்தது ரொம்பச் சரி.

ஹெப்பால்_இன்ஸ்ட்ரக்டர்

பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ராணுவத் தளத்தில் உயரமானியில் வைக்கக் காற்றழுத்தம் கொடுத்தால் அது கியூஎன்எச்சா (கடல்மட்டத்திலிருந்து உயரம் காட்டும்), கியூஎஃப்ஈயா (தளத்தின் தரையிலிருந்து உயரம் காட்டும்) என்று கேளுங்கள். நம் ஊர் கடல்மட்டத்துக்குச் சுமார் 3000 அடி மேலே. கியூஎன்எச் 1015 என்றால் இங்கே கியூஎஃப்ஈ 910 பக்கம் இருக்கும். எண்ணைக் கேட்டவுடனே எது என்று புரிந்துவிட வேண்டும். மாற்றி வைத்தால் உயரத்தில் 3000 அடி பிசகும்.

அப்புறம் நோட்டாம், அதாவது விமானிகளுக்கான அறிவிப்பு. ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும் பிப்ரவரியில் எலஹங்கா சுற்றுவட்டாரத்தையே குறிப்பிட்ட நேரங்களில் மூடுவார்கள், ஒத்திகை நாட்களிலும்தான். 2019 பிப்ரவரி 19 அன்று விமானப்படையின் சூர்யகிரண் சாகச அணியின் இரண்டு ஹாக் விமானங்கள் மோதியது ஒத்திகையில்தான். அன்று ஒரு விமானி இறந்தார். கிளம்பும் அன்று காலையில் நோட்டாமைப் பாருங்கள், முந்தின இரவு பார்த்தது போதாது.

அல்சூர்_172

ரொம்ப நன்றி சார், மேடம். நான் செய்த தப்பு இப்போதுதான் முழுசாகப் புரிகிறது. ஒரு சந்தேகம்: எல்லைக்கு வெளியே வட்டமடிக்கும்போது ரேடியோவே செத்துவிட்டால்?

ஜாலஹள்ளி_பெரியவர்

ராடாருக்கு உன்னை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7600 வை, ரேடியோ செத்துவிட்டது என்பதற்கான குறியீடு அது. அனுமதி கிடைக்காத எல்லைக்குள் போகாதே. வெளியே இருந்தபடியே பக்கத்தில் பாதுகாப்பாக இறங்கக்கூடிய தளத்துக்குப் போய் இறங்கு. இறங்கியதும் போன் பண்ணிச் சொல். கூட வரும் நண்பர்கள் தளத்தைப் படம் எடுக்காமல் பார்த்துக்கொள், கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அல்சூர்_172

சரி சார். வருகிற ஞாயிறு அதே பயிற்றுநரோடு அதே வழியில் போகிறேன். திரும்பும்போது ராமநகரப் பாறை மலைகள் தெரிந்ததுமே முதல் அழைப்பைக் கொடுக்கப் போகிறேன். "கிளியர்டு" கேட்காவிட்டால் அங்கேயே சுற்றும் அளவுக்கு எரிபொருள் கணக்கும் போட்டுவிட்டேன், 30 நிமிஷம் கூடுதலாக.