மறு: கென்தோ – பதிவுக்குறியா, பொருத்துக்குறியா? (நான் சொல்வது: முட்டு)

வணக்கம் எல்லாருக்கும்.

மூன்று நாளாகச் சேர்ந்து கிடந்த மடல்களை இன்று காலைதான் ஒரே இருப்பில் வாசித்து முடித்தேன். மர அச்சுக்கான சொற்பட்டியலில் கட்டை, மை, உளி எல்லாவற்றையும் சண்டையில்லாமல் தாண்டிவிட்டு, கென்தோவில் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழ, தாளை நிறுத்துவதற்காகக் கட்டையில் வெட்டுகிற வெட்டு, ஜப்பானியச் சொல்) வந்து சிக்கி நிற்கிறோம். நான் இதில் அறிஞன் இல்லை. கல்லடியில் எங்கள் தெரு வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு பலகை செதுக்கிக்கொண்டு நானும் கூடவே பழகுகிற ஆள். அதனால் கையில் பட்டதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

> “ரெஜிஸ்ட்ரேஷன் என்றால் பதிவு. எனவே பதிவுக்குறி. இதற்கு மேல் என்ன விவாதம்?”

விவாதம் இருக்கிறது சேர். பதிவு என்ற சொல் நமக்கு வேறொரு வேலைக்கு வேண்டும். கட்டையில் மை தடவி, தாளை வைத்துத் தேய்த்து எடுத்தால் தாளில் விழுகிறதே, அதுதான் பதிவு. “முதல் பதிவு மங்கல், மூன்றாவது நல்லா வந்திருக்கு” என்று பிள்ளைகளே சொல்கிறார்கள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பதிவுக்குறி என்று எழுதினால் அவர்கள் தாளில் விழுந்த ஏதோ அடையாளத்தைத் தேடுவார்கள். கச்சேரி என்கிற அரச அலுவலகப் பக்கம் போய்வந்த பெரியவர்களுக்கோ பிறப்புப் பதிவும் விவாகப் பதிவும்தான் ஞாபகம் வரும்.

> “பொருத்துக்குறி எளிமையாக இருக்கிறது. ஒப்செற் அச்சகங்களுக்கும் பொருந்தும்.”

அக்கரைப்பற்று ரீச்சர் சொன்ன இது நல்ல சொல், எறியச் சொல்லவில்லை. ஒப்செற் தாளின் ஓரத்தில் வட்டத்துக்குள் சிலுவை போட்டிருப்பார்களே, நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கிற குறி, அதற்கு இது அச்சொட்டாகப் பொருந்தும். ஆனால் கென்தோவைக் கண் பார்க்கத் தேவையில்லை. அது பலகையில் வெட்டிய ஒரு சின்னப் படி, விரலுக்குத் தெரிந்தால் போதும்.

பார்க்காதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கட்டையில் படத்துக்கு வெளியே, நமக்குக் கிட்ட இருக்கிற விளிம்போரமாக இரண்டு வெட்டு. வலது மூலையில் ஒன்று, கண்ணாடியில் பார்த்த ‘ட’ மாதிரி. இடப்பக்கம் தள்ளி நேர்கோடாக இன்னொன்று. முதலாவதில் தாளின் மூலை போய் நிற்கும், இரண்டாவதில் தாளின் ஓரம். ஆழம் ஒரு மில்லிமீற்றர்கூட வேண்டாம். இரண்டிலும் தாளைக் கொண்டுபோய் நிறுத்தி, விரலால் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கத்தை மெதுவாகக் கீழே விடுவது. நிறத்துக்கு ஒரு கட்டை; கோட்டுக் கட்டை (படத்தின் கோடுகளை அச்சடிப்பது), நீலக் கட்டை, சிவப்புக் கட்டை எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே வெட்டு இருக்கும். ஜப்பானில் 1740களில் இரண்டு மூன்று நிறத்தோடு தொடங்கி, 1765இல் சுசுகி ஹருனொபு என்ற ஓவியரின் காலத்தில் பல நிறங்களை ஒரே தாளில் அடுக்கியதெல்லாம் இந்த இரண்டு வெட்டை நம்பித்தான்.

‘அதே இடத்தில்’ என்று சொல்வது சுலபம். அடிமட்டம் வைத்து அளந்து வெட்டினால் வராது, வெட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன். கல்லடிப் பழைய பாலம்தான் படம். பாலம் கறுப்பு, வாவி நீலம், வாவிக்குள் நீலம் படாமல் வெள்ளையாக ஒரு மீன். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்கள், என் தாளில் இரண்டு மீன் சேர்ந்து பாடியது. கறுப்புக் கோட்டில் ஒரு மீன், இரண்டு மில்லிமீற்றர் தள்ளி வெள்ளையாக அதன் ஆவி. பதினாறு தாள் அப்படிப் போனது. சரியான முறை, கோட்டுக் கட்டையை முதலில் வெட்டி முடித்து, அதன் இரண்டு வெட்டுகளையும் சேர்த்தே மெல்லிய தாளில் அச்செடுத்து, அந்தத் தாளைக் குப்புற நிறக் கட்டையில் ஒட்டி, அதன் மேலேயே செதுக்குவது. ஒவ்வொரு நிறத்துக்கும் இப்படி ஒரு தாள். படமும் வெட்டும் ஒரே தாளில் சேர்ந்து வருவதால் இடைத்தூரம் மாறாது. அடிமட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை.

அதற்குப் பிறகும் விலகினால் தாளைப் பாருங்கள். தாளை முதல் நாளே நனைத்து, அடுக்கி, பொலித்தீனில் சுற்றி வைக்க வேண்டும். ஈரத்தில் தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஆனி ஆடியில் கச்சான் அடிக்கிற நாளில் யன்னலைத் திறந்துவிட்டு அச்சடித்தால், முதல் நிறத்துக்கும் இரண்டாம் நிறத்துக்கும் இடையிலேயே தாள் சுருங்கிவிடும், பழி மட்டும் கட்டைக்கு. (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: எங்களுக்கு நிலக்கடலையும் கச்சான்தான், இங்கே சொல்வது தென்மேற்குக் காற்று.)

சரி, சொல்லுக்கு வருகிறேன். எங்களுக்குப் பலகை சீவித் தருகிற ஓடாவியார் ஒருவர் இருக்கிறார். கட்டையைக் காட்டி “இதுக்கு என்ன பேர்” என்று நான் கேட்கவில்லை, கேட்டால் நமக்காக ஒரு பெரிய சொல்லாகத் தேடத் தொடங்கிவிடுவார். சும்மா தாளை வைத்துப் பாருங்கள் என்றேன். அவர் தாளின் மூலையை வெட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, “முட்டுல நிக்குது மனே, இனி ஆடாது” என்றார். அவருடைய வேலை வாங்கிலேயே (பெஞ்சில்) ஒரு முட்டு இருக்கிறது, சீவும்போது பலகை முன்னால் ஓடாமல் வாங்கின் தலைப்பில் அறைந்த கட்டைத் துண்டு. பலகைக்கு அது செய்கிற வேலையைத்தான் தாளுக்கு இது செய்கிறது.

ஆக, என் முன்மொழிவு இதுதான்: கென்தோவுக்கு முட்டு. மூலையில் இருப்பது மூலைமுட்டு, ஓரத்தில் இருப்பது ஓரமுட்டு. வினையும் கூடவே வந்துவிடுகிறது. தாளை முட்டவை, தாள் முட்டவில்லை, முட்டு தேய்ந்துவிட்டது, முட்டில் ஒரு சிராய் வைத்துச் சரிசெய். நிறம் இடத்தில் விழுந்தால் பொருத்தம், தள்ளி விழுந்தால் பொருத்தம் விலகிவிட்டது. சாதகப் பொருத்தம் மாதிரி இருக்கிறது என்பீர்கள், இருக்கட்டும்.

ஜப்பானியர் மட்டும் என்ன செய்தார்கள்? மூலையில் இருப்பதைக் காகி என்கிறார்கள், கொக்கி போல வளைந்தது. ஓரத்தில் இருப்பது ஹிகித்சுகே, கிட்ட இழுத்து ஒட்டவைப்பது என்ற வினையிலிருந்து வந்தது. கென்தோவும் அவர்கள் வீட்டில் புழங்குகிற சொல்தான், உத்தேசம், குத்துமதிப்பு என்ற பொருளில். நினைத்தது பிழைத்துப்போனால் ‘கென்தோ-சிகாய்’ என்பார்கள். அவர்களுடைய பட்டறைச் சொல்லுக்கு நாம் எதற்குக் கோட்டும் சூட்டும் தைக்க வேண்டும்?

> “அடிகளார் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு முட்டு, மோதல் என்று கலைச்சொல் ஆக்குவதா?”

ஐயா, காரைதீவில் 1892இல் பிறந்து, சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்தவர் விபுலானந்த அடிகள். அவர் பெயரைச் சொன்னால் இங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் சொல்கிறீர்கள். இந்தச் சொல்லுக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களும் நானும் ஊகிப்பது முறையில்லை. என் நியாயம் வேறு. இது இரண்டு கையும் மையாக இருக்கும்போது பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்துக் கத்துகிற சொல். நீங்கள் தந்த ‘ஒத்திசைவுப் பள்ளம்’ என்பதைக் கத்தி முடிப்பதற்குள் கட்டையில் மை காய்ந்துவிடும்.

- கல்லடியிலிருந்து

* * *

மறு: மறு: கென்தோ

தம்பி, வாசித்துச் சிரித்தேன். ஓடாவியார் சொன்னதற்கு மேல் நான் வாதாட மாட்டேன். ஆனால் ஒன்று. எங்கள் பக்கம் முட்டு என்றால் முதலில் மூச்சு முட்டுகிற வருத்தம்தான். “முட்டு வந்திட்டு” என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். வகுப்பு முடிந்து போகிற பிள்ளை “என்ட முட்டு சரியில்ல” என்று வீட்டில் சொன்னால் உம்மா பயந்துபோவா. பேச்சில் முட்டு என்றே இருக்கட்டும், பட்டியலில் தாள்முட்டு என்று போடுங்கள். தாள் முட்டுகிற இடம். மூலைமுட்டு, ஓரமுட்டு இரண்டும் அப்படியே நிற்கும். பொருத்துக்குறியை ஒப்செற்காரருக்கு விட்டுத்தந்ததற்கு நன்றி.

* * *

மறு: மறு: மறு: கென்தோ

ரீச்சர், தாள்முட்டு எனக்குச் சம்மதம், திருத்திவிட்டேன். ‘ஒத்திசைவுப் பள்ளம்’ ஐயா கோபத்தில் இருப்பார், இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

நேற்றைய வகுப்பில் நான் எந்தச் சொல்லையும் சொல்லவில்லை, பலகையில் எழுதவுமில்லை. இரண்டாவது நிறம் அடிக்கிற நேரம் பின்வரிசையில் இருந்து ஒரு பெண்பிள்ளை, “சேர், கொஞ்சம் பொறுங்க, என்ட தாள் இன்னும் முட்டல்ல” என்றாள். பக்கத்தில் இருந்தவன் எட்டி அவளுடைய தாளின் மூலையை ஒள்ளுப்பம் தள்ளிவிட்டான். படம் ஒரு வள்ளம். பாய் சரியாகப் பாய்மரத்தில் விழுந்தது.

அடுத்தது பாரென், தாளின் முதுகைத் தேய்க்கிற வட்டு. ஜப்பானில் மூங்கில் உறையால் போர்த்துவார்கள். நான் தேய்வட்டு என்று எழுதி வைத்திருக்கிறேன், யாருக்காவது நல்லது தோன்றினால் சொல்லுங்கள். இப்போதைக்குச் சிரட்டை அகப்பையின் முதுகால்தான் தேய்க்கிறோம். கமுகம் மடலால் போர்த்திப் பார்த்தேன், காய்ந்ததும் வெடித்துவிட்டது. அதை வெடிக்காமல் பதப்படுத்தத் தெரிந்தவர்கள் எனக்குத் தனிமடல் போடுங்கள்.